அறுகம்பையின் அலைகளுக்கு ஏன் பருவம் உண்டு?

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில் நகருக்குத் தெற்கே, களப்பின் மேல் போடப்பட்ட பாலத்தைக் கடந்ததும் அறுகம்பை வந்துவிடும். அலைச்சறுக்கு விளையாட்டில், அதாவது சர்ஃபிங்கில், ஈடுபாடு கொண்டவர்கள் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஏப்ரல் கடைசியில் இங்கே வரத் தொடங்கி, அக்டோபர் முடிவதற்குள் கிளம்பிவிடுகிறார்கள். நவம்பருக்குப் பிறகு அவர்களைத் தேடினால் ஹிக்கடுவை, மிதிகமை, வெலிகமை போன்ற தென்மேற்கு, தெற்குக் கரை ஊர்களில்தான் காண முடியும். கிழக்கு மேற்காகச் சுமார் 225 கிலோமீட்டர் அகலமே உள்ள ஒரு தீவில், ஒரு கரையில் பருவம் முடியும்போது மறுகரையில் பருவம் தொடங்குவது எப்படி என்ற கேள்வி புதிதாக வருபவர் எல்லாருக்கும் எழும். “அந்தந்தக் காலத்தில்தான் அந்தந்தக் கரைக்கு அலை வரும்” என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அது பாதி உண்மைதான். அலை அடிக்காத மாதம் இந்தத் தீவின் எந்தக் கரைக்கும் கிடையாது. எங்கோ பிறந்து வரும் அலை, கரையோரத்தில் வீசும் காற்று, அந்தக் கரையின் அமைப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இசைந்திருக்கும் மாதங்களையே அலைச்சறுக்கில் பருவம் என்கிறோம். இந்த மூன்றில் காற்றுக்கு உள்ள பங்கைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுகிறார்கள்.

முதலில் அலையைப் பார்ப்போம். கடலில் நாம் காணும் அலைகள் அநேகமாக எல்லாமே காற்றினால் எழுபவை. ஆனால் கண்ணெதிரே வீசும் காற்று எழுப்பும் அலையும், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசி ஓய்ந்த புயல் அனுப்பிய அலையும் ஒன்றல்ல. முன்னது குட்டையானது, ஒழுங்கற்றது, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நுரைப்பது. பின்னது நெடும் பயணத்தில் தன் சிறு நெளிவுகளையெல்லாம் இழந்து, நீண்ட, சீரான வரிசைகளாக வந்து சேர்வது. இந்த இரண்டாவது வகையைத்தான் சறுக்குபவர்கள் ஸ்வெல் என்கிறார்கள். நல்ல சறுக்கலுக்கு வேண்டியது அதுதான்.

அறுகம்பைக்கு வரும் ஸ்வெல்லின் பிறப்பிடம் தென் அரைக்கோளத்தில், 40 பாகைத் தென் அகலக்கோட்டுக்கும் அப்பால் இருக்கிறது. அங்கே மேற்கிலிருந்து கிழக்காக உலகைச் சுற்றி ஓடும் காற்றைத் தடுத்து நிறுத்த நிலப்பரப்பு என்று பெரிதாக எதுவும் இல்லை. மே முதல் செப்டம்பர் வரையான தென் அரைக்கோளக் குளிர்காலத்தில் அங்கு புயல்கள் அடுத்தடுத்து உருவாகின்றன. ஒரு புயல் ஆப்பிரிக்காவுக்குத் தெற்கே இருக்கும்போது அனுப்பும் அலைகள் தென்மேற்கிலிருந்து இலங்கையை நோக்கி வருகின்றன. இதனால் அறுகம்பைக்கு அவ்வளவாகப் பயனில்லை. அந்த அலைகள் தீவின் தென்கிழக்கு மூலையைச் சுற்றி வளைந்துதான் கிழக்குக் கரையை அடைய வேண்டும். அதே புயல் கிழக்கே நகர்ந்து ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பக்கத்தை நெருங்கும்போது அலைகளின் திசை தெற்காகவும் தென்கிழக்காகவும் மாறிவிடும். இவை நேராகவே இந்தக் கரைக்கு வருகின்றன. தீவின் தென்கிழக்கு மூலைக்கு அருகில் அமைந்திருப்பது அறுகம்பையின் பெரும் நற்பேறு. அதே கிழக்குக் கரையில் வெகு வடக்கே உள்ள திருகோணமலைக்கு இந்த ஸ்வெல்லின் பெரும்பகுதி போய்ச் சேர்வதில்லை.

இந்தப் பயணத்தின் கணக்கு எளிமையானது. ஒரு முகடு நம்மைக் கடந்து அடுத்த முகடு வருவதற்கு எடுக்கும் நேரத்துக்கு அலைக்காலம் என்று பெயர். ஆழ்கடலில், அலைக்காலம் எத்தனை நொடியோ அதை ஏறத்தாழ 2.8 ஆல் பெருக்கினால், அந்த அலைத்தொகுதி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்பது கிடைத்துவிடும். 16 நொடி அலைக்காலம் கொண்ட ஸ்வெல் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர் வேகத்திலும், 12 நொடி அலைக்காலம் கொண்டது மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டர் வேகத்திலும் வரும். புயல் 6,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், முதலாவது ஐந்தரை நாளிலும் இரண்டாவது ஏழரை நாளுக்குச் சற்று முன்னும் பின்னுமாகவும் கரை சேரும். ஒரே புயலில் பிறந்த அலைகளில் நீளமானவை முன்னால் வந்து சேர்வதும், குட்டையானவை பின்தங்கி வருவதும் இதனால்தான். புதிய ஸ்வெல் வரத் தொடங்கும் நாளில் அலைகள் எண்ணிக்கையில் குறைவாகவும், ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நீண்ட இடைவெளி விட்டும், ஆனால் வலுவோடும் வருவதைக் கரையிலிருந்தே கவனிக்கலாம்.

இலங்கையைச் சுற்றியுள்ள கண்டத்திட்டு குறுகலானது. கரையிலிருந்து சற்றுத் தூரம் போனதுமே கடல் ஆழமாகிவிடுகிறது. ஓர் அலை தன் நீளத்தில் (ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரையுள்ள தூரத்தில்) பாதி அளவு ஆழமுள்ள நீருக்குள் வரும்போதுதான் கடலடியை உணரத் தொடங்கும். 14 நொடி ஸ்வெல்லின் நீளம் ஏறத்தாழ 300 மீட்டர் என்பதால், அது 150 மீட்டர் ஆழத்திலேயே அடித்தரையால் வேகம் குறையத் தொடங்குகிறது. ஆழம் குறைவான அகன்ற கடற்பரப்பை நெடுந்தூரம் கடக்க நேர்ந்தால் இந்த உராய்வில் அதன் ஆற்றல் கணிசமாகக் கரைந்துபோகும். இங்கே அந்தத் தூரம் சிறியது என்பதால், தென்கடலில் பெற்ற வலுவின் பெரும்பங்கு கரைவரை எஞ்சி நிற்கிறது.

காற்று செய்யும் வேலை

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். தென்கடல் ஸ்வெல் மே முதல் செப்டம்பர் வரை இலங்கையின் தெற்குக் கரைக்கும் வருகிறது. சொல்லப்போனால் கிழக்குக் கரையைவிடத் தெற்குக் கரைக்கே அது கூடுதலாக வருகிறது. அப்படியிருந்தும் அந்த மாதங்களில் தெற்குக் கரையின் சறுக்கல் இடங்கள் பெரும்பாலும் ஓய்ந்து கிடக்கின்றன. காரணம் தென்மேற்குப் பருவக்காற்று. அது கடலிலிருந்து கரையை நோக்கி நேராக வீசி, வரும் அலைகளின் முதுகைத் தள்ளி, அவை உருவெடுத்து நிற்பதற்கு முன்பே சரித்துவிடுகிறது. கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும், அலை பெரிதாகத்தான் இருக்கும், ஆனால் சறுக்குவதற்கு ஒரு சீரான முகப்பு கிடைக்காது.

அதே காற்று தீவைக் கடந்து கிழக்குக் கரைக்கு வரும்போது அதன் குணமே மாறிவிடுகிறது. மேற்குச் சரிவுகளில் ஏறும்போது தன் ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிட்டு, 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலையைக் கொண்ட மத்திய மலைநாட்டைக் கடந்து, கிழக்குச் சரிவில் இறங்கும்போது அது வெப்பமும் வறட்சியும் மிகுந்த காற்றாகிவிடுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து மக்கள் இதைக் கச்சான் காற்று என்பார்கள். ஜூன், ஜூலை மாதங்களில் இது வீசும்போது புல் காய்ந்து, மண் வெடித்து, உடம்பு எரிவது போலிருக்கும். வயலுக்கும் ஆட்களுக்கும் கடுமையான இந்தக் காற்றுதான் அறுகம்பையின் அலைக்குப் பெருந்துணை.

நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று, அதாவது கரைக்காற்று, கரையை நோக்கி வரும் அலையின் முகப்பில் எதிராக மோதுகிறது. முகடு முன்னோக்கிக் கவிழ்வதை அது சிறிது நேரம் தாமதப்படுத்துகிறது. அதனால் அலை சற்று ஆழம் குறைந்த இடம்வரை நிமிர்ந்தே வந்து, செங்குத்தாக எழுந்து, பிறகு உடைகிறது. நீரின் மேற்பரப்பில் உள்ள சிறு நெளிவுகளும் அடங்கிவிடுவதால் முகப்பு வழவழப்பாக இருக்கும். காற்று மிகவும் வலுத்துவிட்டால், முகட்டிலிருந்து பின்னால் பறக்கும் நீர்த்திவலை கண்ணில் அடிப்பதும், பலகையோடு அலைக்குள் இறங்க முடியாமல் காற்று ஏந்திப் பிடிப்பதும் உண்டு. ஆகவே மென்மையான கரைக்காற்றே எல்லோருக்கும் ஏற்றது.

ஒரே நாளுக்குள்ளும் காற்று மாறும். இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் நிலத்திலிருந்து கடலுக்கு மெல்லிய காற்று வீசும், அல்லது காற்றே இருக்காது. வெயில் ஏறி நிலம் சூடானதும், முற்பகலின் பிற்பகுதியிலிருந்து கடற்காற்று எழுந்து தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வீசி, அலையின் முகப்பைக் கலைக்கத் தொடங்கும். கச்சான் வலுவாக இருக்கும் நாட்களில் இந்தக் கடற்காற்று தலையெடுக்க நேரமாகும். பருவக்காற்று தளர்ந்த நாட்களில் சீக்கிரமே வந்துவிடும். ‘அறுகம்பையில் காலை ஆறு மணிக்கு நீரில் இருக்க வேண்டும்’ என்று பழகியவர்கள் வற்புறுத்துவதற்குக் கூட்டம் ஒரு காரணம் என்றாலும், காற்றுதான் பெரிய காரணம். மாலையில் கதிர் சாயும்போது காற்று மீண்டும் தணிந்து, ஒரு மணி நேரம் நல்ல அலை கிடைப்பதும் உண்டு. ஆனால் காலையை நம்புவது போல அதை நம்ப முடியாது.

முனையைச் சுற்றி வளையும் அலை

மூன்றாவது கரையின் அமைப்பு. அறுகம்பைக் குடாவின் தெற்கு முனையில் பாறையும் முருகைக்கல்லும் (பவளப்பாறையும்) கொண்ட ஒரு நிலமுனை கடலுக்குள் நீண்டிருக்கிறது. மெயின் பாயிண்ட் என்று எல்லோரும் அழைப்பது இந்த இடத்தைத்தான். தெற்கிலிருந்து வரும் ஸ்வெல் இந்த முனையை அடையும்போது, முனைக்கு அருகே உள்ள பகுதி ஆழம் குறைந்த நீரில் மெதுவாகிறது. ஆழத்தில் உள்ள பகுதி அதே வேகத்தில் முன்னேறுகிறது. இதனால் அலைவரிசை முழுவதும் முனையைச் சுற்றி வளைந்து குடாவுக்குள் திரும்புகிறது. அலை ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் உடையாமல், முனையில் தொடங்கி வடக்கு நோக்கிப் படிப்படியாக உடைந்துகொண்டே போவதற்கு இந்த வளைவே காரணம். கரையை நோக்கிச் சறுக்குபவருக்கு அது வலப்பக்கம் ஓடும் அலை. நல்ல ஸ்வெல் இருக்கும் நாளில் ஓர் அலையிலேயே சில நூறு மீட்டர் தூரம் செல்லலாம்.

மெயின் பாயிண்ட் கரையில் விடிகாலையில் நின்று பார்த்தால் இதுவரை சொன்ன அனைத்தையும் கண்ணாலேயே சரிபார்த்துவிடலாம். சில நிமிடங்களுக்குக் கடல் அசைவற்றதுபோலக் கிடக்கும்; பலகைகளில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் தெற்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு வெளியே கருங்கோடுபோல ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று என வரிசைகள் தெரியும். முதல் கோடு முனையின் பாறைகளுக்கு அருகில் வந்ததும், அதன் ஒரு நுனி மட்டும் நிமிர்ந்து வெண்மையாகும். மற்றப் பகுதி இன்னும் வழுவழுப்பான மேடாகவே இருக்கும். வெண்மை அந்த மேட்டின் மீது இடமிருந்து வலமாக ஓடாமல், கரையில் நிற்கும் நமக்கு வலமிருந்து இடமாக, குடாவுக்குள் வந்துகொண்டிருக்கும். அலைகள் இப்படிச் சிலவாகச் சேர்ந்து வருவதும், அதன்பின் கடல் ஓய்வதும் ஸ்வெல்லின் இயல்பு. ஓய்வு நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு “இன்று சின்ன அலைதான்” என்று நீரில் இறங்கிவிடுவது ஆபத்தானது. குறைந்தது இருபது நிமிடமாவது கரையில் நின்று பார்த்த பிறகே இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முனையைச் சுற்றி வளையும்போது அலை தன் உயரத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. எனவே வெளிக்கடலுக்கான முன்னறிவிப்பில் உள்ள உயரம் அப்படியே குடாவுக்குள் வருவதில்லை. தெற்கே உள்ள பீனட் ஃபார்ம், எலிஃபண்ட் ராக் ஆகிய இடங்களும், உகந்தை முருகன் ஆலயமும் குமண தேசியப் பூங்காவும் அமைந்த பக்கத்தில் உள்ள ஒகந்தையும் ஸ்வெல்லுக்கு அதிகம் திறந்திருப்பவை; குடாவில் அலை சிறுத்திருக்கும் நாளிலும் அங்கே ஏதாவது கிடைக்கும். வடக்கே உள்ள விஸ்கி பாயிண்ட்டின் அடித்தரை பெரும்பாலும் மணல் என்பதாலும் அலை மென்மையானது என்பதாலும் கற்றுக்கொள்பவர்கள் அங்கே அதிகம் போகிறார்கள். அதே வடக்குப் பக்கத்தில் உள்ள பொத்துவில் பாயிண்ட் நீண்ட மணற்கரையை ஒட்டி உடையும் அலை; ஓரளவு பெரிய ஸ்வெல் வந்தால்தான் அது சரியாக இயங்கும். மெயின் பாயிண்ட்டுக்கு உள்ளே, குடாவின் தணிந்த பகுதியில் இருக்கும் பேபி பாயிண்ட்தான் முதன்முதலாகப் பலகையில் நிற்கப் பழகுபவர்களுக்குரிய இடம்.

மணலால் ஆன இடங்களுக்குப் பருவத்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அலைகள் வடகிழக்கிலிருந்து அடித்து மணலை ஒரு பக்கமாக நகர்த்தும். மழைவெள்ளம் களப்பின் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு கடலில் கலக்கும். தெற்கு ஸ்வெல் தொடங்கிய பிறகு மணல் மறுபக்கமாக நகர்ந்து திட்டுகளாகப் படிய வேண்டும். அதனால் பருவத் தொடக்கத்தில் மணல் இடங்களின் அலை சீராக அமையாமல் இருந்தால் வியப்பில்லை. பாறை இடங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஓதங்களைப் பொறுத்தவரை, இலங்கையில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. ஆனாலும் முருகைக்கல்லின் மேல் முழங்கால் அளவு நீரே இருக்கும் இடத்தில் அரை மீட்டர் கூடுவதும் குறைவதும் காலுக்கும் பலகைக்கும் பெரிய வேறுபாடுதான்.

மாதங்களாகப் பார்த்தால்

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு காலங்களாகப் பிரிக்கிறது: மார்ச்–ஏப்ரல் முதலாவது இடைப்பருவம், மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம், அக்டோபர்–நவம்பர் இரண்டாவது இடைப்பருவம், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவம். அறுகம்பையின் அலை ஏறத்தாழ இந்தப் பிரிவுகளையே பின்பற்றுகிறது.

ஏப்ரலில் காற்று மென்மையாகவும் திசை நிலையில்லாமலும் இருக்கும். இடையிடையே சிறிய ஸ்வெல் வரும். மே மாதத்தில் தென்கடல் புயல்கள் வலுப்பெற, தென்மேற்குக் காற்றும் நிலைபெற, இரண்டும் கைகோக்கத் தொடங்குகின்றன. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களே உச்சம். அலை அடிக்கடி வரும், பெரிதாக வரும், வானம் வறண்டிருக்கும். கூட்டமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். மெயின் பாயிண்ட் போன்ற இடத்தில் அலை ஒரே புள்ளியில்தான் தொடங்குகிறது என்பதால், எத்தனை பேர் இருந்தாலும் எல்லாரும் அந்தச் சிறு இடத்திலேயே காத்திருக்க வேண்டியிருக்கும். முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்ற முறையை அறியாமல் அங்கே இறங்குவது தனக்கும் பிறருக்கும் காயத்தை வரவழைக்கும்.

செப்டம்பரை நான் தனியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். தென்கடல் இன்னும் ஸ்வெல் அனுப்பிக்கொண்டிருக்கும்; கச்சானின் கடுமை தணிந்திருக்கும்; விடுமுறைக்கு வந்த பலர் திரும்பியிருப்பார்கள். உலக சர்ஃப் லீக்கின் தகுதிச்சுற்றுப் போட்டியொன்று 2019இல் செப்டம்பர் மாதக் கடைசியில்தான் இங்கே நடத்தப்பட்டது என்பதிலிருந்து, அந்த நேரத்து அலையின் மீது எவ்வளவு நம்பிக்கை வைக்கப்படுகிறது என்று புரிந்துகொள்ளலாம். அக்டோபரில் பிற்பகல் இடிமழை தொடங்கிவிடும். நல்ல நாளும் மோசமான நாளும் மாறி மாறி வரும்.

நவம்பரில் காற்று வடகிழக்குக்குத் திரும்புகிறது. கிழக்கு மாகாணத்துக்கு ஆண்டின் பெரும் மழை தருவது நவம்பர் முதல் ஜனவரி வரையான காலம்தான்; வங்கக் கடலில் தாழமுக்கங்களும் புயல்களும் உருவாவதும் இப்போதுதான். கடல் பெரிதாகவே இருக்கும். ஆனால் அது அருகில் வீசும் காற்று கிளப்பிய குட்டை அலை. காற்றும் கரையை நோக்கியே வீசும். களப்பிலிருந்து வரும் வெள்ளத்தால் நீர் கலங்கிப் பழுப்பாக இருக்கும். அதே வடகீழ்க் காற்று தீவைக் கடந்து தெற்கு, தென்மேற்குக் கரைகளுக்குப் போகும்போது அங்கே கரைக்காற்றாகிவிடுகிறது. தென்கடலின் ஸ்வெல் இந்த மாதங்களில் வலு குறைந்தாலும் நின்றுபோவதில்லை என்பதால், வெலிகமைக்கும் ஹிக்கடுவைக்கும் அதுவே போதுமானது.

முன்னறிவிப்பைப் படிப்பது

இணையத்தில் கிடைக்கும் அலை முன்னறிவிப்புகளில் உயரம், அலைக்காலம், திசை, காற்று என்ற நான்கு எண்களே முக்கியம். திசை என்றால் அலையும் காற்றும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான். எங்கே போகின்றன என்பதல்ல. எடுத்துக்காட்டாக, ஜூலை மாதத்து ஒரு நாளுக்கு “1.5 மீட்டர், 14 நொடி, தெற்கு, காற்று மேற்கிலிருந்து மணிக்கு 10 கிலோமீட்டர்” என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிசம்பர் மாதத்து ஒரு நாளுக்கு “1.5 மீட்டர், 7 நொடி, வடகிழக்கு, காற்று வடகிழக்கிலிருந்து மணிக்கு 25 கிலோமீட்டர்” என்று இருக்கலாம். உயரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் அலையின் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடும் அலைக்காலத்தோடும் சேர்ந்து கூடுவதால், முதல் நாளின் அலை இரண்டு மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. நீளமான அலை கரையை நெருங்கும்போது கூடுதலாக உயரவும் செய்யும். திசை தெற்கு என்பதால் அது முனையைச் சுற்றி முறையாக வளையும். மேற்குக் காற்று அதன் முகப்பை நிமிர்த்திப் பிடிக்கும். இரண்டாவது நாளின் அலைக்கோ ஆற்றலும் குறைவு, முனையில் வளையும் வாய்ப்பும் இல்லை, காற்றும் எதிரி.

இதையே தொடக்கநிலையில் இருப்பவர் வேறு விதமாகவும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அலைக்காலம் 15 நொடியைத் தாண்டும் நாளில் ‘உயரம் ஒரு மீட்டர்தானே’ என்று எண்ணி மெயின் பாயிண்ட்டின் முருகைக்கல் மேல் போகக் கூடாது. அப்படிப்பட்ட அலைகள் நீண்ட ஓய்வுக்குப் பின் எதிர்பாராமல், எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக எழும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமும் அப்போது வலுக்கும். முருகைக்கல்லில் காலைக் கிழித்துக்கொண்டால் அந்த வெப்பத்தில் புண் ஆறுவதற்கு நாளாகும். கடல்முள்ளிகளும் பாறை இடுக்குகளில் இருக்கும். கடல்நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27 முதல் 29 பாகை செல்சியஸ் வரை இருப்பதால் குளிருக்கான உடை தேவையில்லை. வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் முழுக்கைச் சட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.

முதன்முறையாகக் கற்றுக்கொள்ள வருபவருக்கு ஏப்ரல் கடைசி முதல் மே நடுப்பகுதி வரையிலான வாரங்களையும், செப்டம்பர் நடுப்பகுதி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலான வாரங்களையும் நான் பரிந்துரைப்பேன். உச்ச மாதங்களில்தான் வர முடியும் என்றால், பேபி பாயிண்ட்டிலும் விஸ்கி பாயிண்ட்டிலும் பயிற்றுநர் ஒருவருடன் பழகலாம். தெற்கு ஸ்வெல் 10 முதல் 12 நொடிக்குள்ளும் உயரம் ஒரு மீட்டரை ஒட்டியும் இருக்கும் காலைகளை அதற்குத் தேர்ந்துகொள்ளலாம். கடற்காற்று எழுந்து நீரின் மேற்பரப்பு சொரசொரப்பாகத் தொடங்கும்போது கரையேறிவிடலாம்.